மெய்யெழுத்து எங்கே போயிற்று?

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் முதல் இலையிலேயே கரண்டி கரண்டியாகச் சாம்பாரைக் கொட்டிவிடுவார். இலைக்காரர் சோற்றால் அணை கட்டித் தீரவேண்டியதுதான். கடைசி இலைக்குப் போய்ச் சேரும்போது வாளியின் அடியில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுதான் மிஞ்சியிருக்கும். இன்னொருவர் புறப்படும்போதே பந்தியின் நீளத்தை ஒரு தடவை கண்ணால் அளந்துகொள்வார். எத்தனை இலை, வாளியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, கையை நிதானித்து நடப்பார். முதல் இலைக்கும் குறைவில்லை. கடைசி இலைக்கும் குறைவில்லை. சாம்பார் ஒன்றுதான், வாளியும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது.

ஒலிபெருக்கி விஷயமும் இதைப் போன்றதே. பொதுக்கூட்டம், திருவிழா, நாடகம், பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் ஒலியைப் பெருக்கிக் கொடுக்க எத்தனையோ யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் பெருக்கிய ஒலியைப் பரிமாறுவது எப்படி என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். கடைசி வரிசையில் நிற்பவர் காதுக்குப் பின்னால் கையை வளைத்து வைத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே கூட்டத்துக்கு வந்தவர்கள்தாம். இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் உண்டா என்பதை இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்கலாம்.

* * *

மாசி மாதத்தில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஆத்தூர், நத்தம், வேடசந்தூர்ப் பக்கங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியில் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட பெருங்கூட்டத்தில் ஒலிபெருக்கி செய்ய வேண்டிய வேலைகளில் மிக முக்கியமானது பாட்டு அல்ல. “பச்சைப் பாவாடை கட்டிய நான்கு வயதுக் குழந்தை போலீஸ் சாவடியில் இருக்கிறது, தாயார் உடனே வரவும்” என்று ஓர் அறிவிப்பு வருகிறதே, அதுதான். அந்தத் தாயார் கூட்டத்தின் கடைசி ஓரத்தில் பதறிக்கொண்டு நிற்கிறாள். அவள் காதில் விழுவது என்ன? “அ... ஆ... ஐ... ஊ...” என்று ஓர் இரைச்சல். ஏதோ சொல்கிறார்கள் என்று தெரிகிறது. என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் நம் முன்னோர்கள் பிரித்து வைத்தார்கள். ஒலி நூலின்படி பார்த்தாலும் இந்தப் பிரிவினை வெகு பொருத்தமானது. பேச்சில் பலமெல்லாம் உயிரெழுத்தில் இருக்கிறது; அர்த்தத்தைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் மெய்யெழுத்து செய்கிறது. கடை, தடை, நடை, படை, மடை, வடை என்று ஆறு சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆறிலும் உயிர் ஒன்றுதான். முதல் மெய் ஒன்று மட்டும் மாறுகிறது. அது காதில் விழாமற்போனால், மேடையில் படைத்தலைவரைப் பற்றிப் பேசுகிறார்களா, வடைக்கடையைப் பற்றிப் பேசுகிறார்களா என்பது கடைசி வரிசைக்காரருக்குப் புலப்படாது.

உயிரொலியின் பலம் பெரும்பாலும் விநாடிக்கு ஆயிரத்துக்குக் குறைவான அதிர்வுகளில் அடங்கியிருக்கிறது. மெய்யொலியை அடையாளம் காட்டும் நுட்பங்கள் ஆயிரத்துக்கு மேல், நாலாயிரம் வரையிலும் அதற்கு அப்பாலும் இருக்கின்றன. தாழ்ந்த அதிர்வுகள் குளத்தில் கல் போட்டதுபோல் நாலாபக்கமும் பரவும். உயர்ந்த அதிர்வுகளோ டார்ச்சு விளக்கின் வெளிச்சத்தைப் போல, காட்டிய திசையில்தான் போகும். போகிற வழியில் காற்றும், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆகவே ஒலிபெருக்கியைக் குறி பார்த்து வைக்காவிட்டால், உயிர் மட்டும் கடைசி வரிசைக்கு வந்து சேர்கிறது. மெய் வழியிலேயே தங்கிவிடுகிறது.

“சத்தம் போதவில்லை, கூட்டு!” என்று பின்னாலிருந்து கூச்சல் எழுகிறது. மைக்செட்காரர் கூட்டுகிறார். உயிர் இன்னும் பலமாகிறது. முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுகிறது. மெய் மட்டும் வந்தபாடில்லை. உலையில் அரிசி போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் சோறு ஆகிவிடுமா?

* * *

ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் இந்த வேலையை மனிதர்களின் தொண்டையே செய்துவந்தது. 1933-ஆம் வருஷம் இளம் வயதிலேயே காலமான எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியைப் பற்றி இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறார்கள். கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவருக்கும் கேட்டால்தான் அக்காலத்தில் நடிகன். வீதியில் புறப்பாட்டுக்கு நாகஸ்வரமும் தவிலும் வாய்த்ததற்கும் காரணம் இதுதான். அவை திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள்.

அமெரிக்காவில் பிரிதம், ஜென்சன் என்ற இருவர் 1915-ஆம் வருஷத்தில் கூம்பு வைத்த ஒலிபெருக்கியைப் பெருங்கூட்டத்தின் முன்னால் நடத்திக் காட்டினார்கள். நம் நாட்டில் 1930-களிலிருந்து காங்கிரஸ் கூட்டங்களில் மோத்வானே குடும்பத்தாரின் ‘சிகாகோ ரேடியோ’ ஒலிபெருக்கிகள் வேலை செய்தன. பழைய படங்களில் காந்தி மகானுக்கும் ஜவாஹர்லால் நேருவுக்கும் முன்னால் இருக்கும் மைக்கில் அந்தப் பெயரைக் காணலாம். லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே மனிதரின் பேச்சை ஒரே சமயத்தில் கேட்டார்கள். சுதந்திரப் போராட்டத்தில் அந்தக் கூம்புக்கும் ஒரு பங்கு உண்டென்று சொல்வது மிகையாகாது.

ஆனால் கூம்புக் குழாய்க்கு ஒரு சுபாவம் இருக்கிறது. கொஞ்சம் மின்சாரத்தில் வெகு தூரம் கத்தும். நடுத்தர அதிர்வுகளை மட்டும் பிடித்துக்கொண்டு ‘கீச்’சென்று கத்தும். வேப்பமரத்திலும் விளக்குக் கம்பத்திலும் ஏற்றிக் கட்டி, அதை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டால், கூட்டத்தில் இருப்பவரைக் காட்டிலும் பக்கத்து ஊரில் படுத்திருப்பவருக்கு அது நன்றாகக் கேட்கும்!

* * *

தூரம் கூடக் கூட ஒலி எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். ஒரே பெட்டியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். மேடையருகே பெட்டி, முதல் வரிசை 5 மீட்டரில், கடைசி வரிசை 80 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 5, 10, 20, 40, 80 என்று நான்கு தடவை இரட்டிக்கிறது. ஆகவே 24 டெசிபெல் வித்தியாசம். 10 டெசிபெல் ஏறினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு பலமாகத் தோன்றும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் முதல் வரிசைக்காரர் கடைசி வரிசைக்காரரைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் சத்தத்தைத் தாங்கவேண்டும். ஒருவருக்கு விருந்து, மற்றவருக்கு விரதம்.

இதற்கு முதல் பரிகாரம், பெட்டியை உயர்த்துவது. 8 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், முதல் வரிசைக்காரரின் காதுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம் 5 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டராகிவிடும். கடைசி வரிசைக்குத் தூரம் அநேகமாக மாறுவதில்லை. வித்தியாசம் 24 டெசிபெல்லிலிருந்து சுமார் 19-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு பைசா மின்சாரம் கூடச் செலவழியவில்லை. முன்னால் உள்ளவர்களின் தலைகள் ஒலியை மறைப்பதும் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது பரிகாரம், பெட்டிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்குவது. இதைத்தான் இப்போது ‘லைன் அரே’ என்கிறார்கள். பெரிய கச்சேரிகளிலும் மாநாடுகளிலும் மேடையின் இரு புறத்திலும் வாழைத்தார் போல வளைந்து தொங்குகிறதே, அதுதான். பிரான்சு தேசத்தில் கிறிஸ்தியான் ஹைல் என்னும் பௌதிக நிபுணரின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் 1992-ல் வெளியிட்ட வி-டாஸ்க் என்ற அமைப்புக்குப் பிறகே இது உலகமெங்கும் பரவிற்று. தத்துவம் மட்டும் அதற்கு வெகு முந்தியது. எதிரொலி பல விநாடி நீடிக்கும் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், 1950-களின் தொடக்கத்திலேயே பார்க்கின், டெய்லர் என்ற இருவர் உயரமான தூண் ஒலிபெருக்கிகளை வைத்துப் பிரசங்கத்தைத் தெளிவாகக் கேட்கச் செய்தார்கள்.

அடுக்கினால் என்ன ஆகிறது? தேர் வடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் ஒருவர் பலம் மற்றவர் பலத்துக்கு உதவாது. வரிசைப் பெட்டிகளுக்கு நேர் எதிரில் இருப்பவருக்கு எல்லாப் பெட்டிகளின் ஒலியும் ஒரே கணத்தில் வந்து கூடுகிறது, பலக்கிறது. மேலேயோ கீழேயோ விலகி இருப்பவருக்கு அவை முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதனால் ஒலியானது மேலும் கீழும் சிதறாமல், பக்கவாட்டில் மட்டும் விசிறிபோல் விரிகிறது. தவிர, நீண்ட குழல் விளக்கின் அருகில் வெளிச்சம் மெதுவாகக் குறைவதுபோல, நீண்ட ஒலி வரிசையின் அருகிலும், தூரம் இரட்டிக்கும்போது 6-க்குப் பதில் 3 டெசிபெல்தான் குறைகிறது. இந்தச் சலுகை எவ்வளவு தூரத்துக்கு என்பது வரிசையின் நீளத்தையும் அதிர்வையும் பொறுத்தது. உயர்ந்த அதிர்வுகளுக்கு அது நெடுந்தூரம் கிடைக்கும். தாழ்ந்தவற்றுக்குச் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் சுமார் மூன்றரை மீட்டர். நான்கே பெட்டிகளை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கிவிட்டு, ‘லைன் அரே போட்டாயிற்று’ என்று பெருமைப்பட்டால், அந்தக் குட்டி வரிசை தாழ்ந்த ஒலியை அடக்கி ஆளாது. மூன்றரை மீட்டர் மாட்டை ஒன்றரை மீட்டர்க் கயிற்றால் கட்ட முடியுமா?

* * *

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெட்டிகளை அடுக்கினால் மட்டும் போதாது. எது யாரைப் பார்க்கவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ‘இறக்கக்கோணம்’ என்று ஒரு பாடம் உண்டு. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கப்பலைப் பார்க்கிறான். கப்பல் எத்தனை தூரத்தில் இருக்கிறது? “கடலே இல்லாத திண்டுக்கல்லில் இந்தக் கணக்கு எதற்கு, ஸார்?” என்று பையன்கள் கேட்பதுண்டு. எதற்கு என்பதை இப்போது சொல்கிறேன்.

வரிசை 8 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர். ஆகவே காதுக்கு மேல் 7.2 மீட்டர். கணக்கு எளிதாக இருக்கவேண்டி எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 80 மீட்டரில் உள்ள கடைசி வரிசையைப் பார்க்க, பெட்டி 5 பாகைதான் கீழே சாயவேண்டும். 40 மீட்டரைப் பார்க்க 10 பாகை. 20 மீட்டருக்கு 20 பாகை. 10 மீட்டருக்கு 36. ஐந்து மீட்டரில் உள்ள முதல் வரிசைக்கு 55 பாகை.

இதில் ஒளிந்திருக்கும் வேடிக்கையைக் கவனித்தீர்களா? மைதானத்தின் பின்பாதி முழுவதும், அதாவது 40 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையில், வெறும் 5 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. முன்பாதிக்கு மட்டும் 45 பாகை வேண்டியிருக்கிறது. ஆகையால் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தால் மேலே உள்ள ஆறை, ஒன்றுக்கொன்று ஒரு பாகைக்கு மேல் பிரியாமல் நெருக்கமாக வைத்து, அந்த ஐந்து பாகைக்குள் அனுப்ப வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு ஆறு பெட்டிகள் கூடி உழைக்கின்றன. கீழே வர வர மூன்று பாகை, ஐந்து பாகை, ஏழு, ஒன்பது, பத்து என்று அகட்டிக்கொண்டு வரவேண்டும். அருகில் இருப்பவருக்கு ஒரே பெட்டி போதும். அவர் பக்கத்திலேயே இருக்கிறாரே! வரிசைக்கு வாழைத்தார் வளைவு வருவது இதனால்தான், அலங்காரத்துக்காக அல்ல. அப்படியும் எட்டாத முன்வரிசை மூலைகளுக்கு மேடை விளிம்பில் இரண்டு சின்னப் பெட்டிகளை வைத்துவிடுவது வழக்கம்.

பெட்டிகளின் பின்புறத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் ஊசியைச் செருகுகிறோமோ, அத்தனை பாகை. சாவிப் பல்லின் மயிரிழை வித்தியாசத்தில் திறப்பதும் திறக்காததும் இருக்கிறது என்பதைத் திண்டுக்கல் பூட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். கடைசி வரிசையைப் பார்க்கும் மேல் பெட்டி ஒரே ஒரு பாகை நிமிர்ந்துவிட்டால், அதன் குறி 80 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போய்விடும். இரண்டு பாகை நிமிர்ந்தால் 130 மீட்டர். மைதானத்தைத் தாண்டி அடுத்த தெரு. ஒரு பாகை குனிந்தாலோ 67 மீட்டரிலேயே விழும். கடைசிப் பதின்மூன்று மீட்டர்க்காரர்கள் ஏமாந்தார்கள். முதல் வரிசையைப் பார்க்கும் கீழ்ப்பெட்டியில் அதே ஒரு பாகைத் தவறு நேர்ந்தால் குறி ஒரு சாண் கூட நகராது. ஆகவே கடைசியில் இருப்பவரிடத்தில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். சமூகத்திலும் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

* * *

பாறை ஒன்று இருக்கிறது நம் ஊரில். திண்டைப் போன்ற கல் என்பதால்தான் ஊருக்கே திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கோட்டையைத் தாங்கும் அந்தப் பாறை ஒலியைத் தாங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் பக்கத்து வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். பாறை முகம் 175 மீட்டர் தள்ளியிருந்தால், போய்த் திரும்ப ஒரு முழு விநாடி ஆகும். அதற்குள் பேச்சாளர் இரண்டு மூன்று சொற்கள் முன்னால் போயிருப்பார். பழைய சொல் புதிய சொல்லின் மேல் வந்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனவே பாறையையோ பெரிய சுவரையோ பார்த்துப் பெட்டியை நிமிர்த்துவது, கிணற்றடியில் நின்று கத்துவதற்குச் சமானம்.

வீதி முழுவதும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டும்போதும் இதே தொல்லைதான். கம்பியில் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாக் குழாய்களுக்கும் போய்விடுகிறது. காற்றில் ஒலி மெதுவாக நடந்து வருகிறது. அடுத்த குழாய் 70 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் பேச்சு இந்தக் கம்பத்தடிக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து வந்து சேர்கிறது. “அன்பார்ந்த” என்பது “அன்பார்ந்த பார்ந்த பார்ந்த” என்று கேட்பது இதனால்தான். பரிகாரம் சுலபம். மேடையிலிருந்து 70 மீட்டரில் வைத்த துணைப் பெட்டிக்குப் போகும் செய்தியை அந்த ஐந்தில் ஒரு பங்கு விநாடி நிறுத்திவைத்து அனுப்பவேண்டும். அதோடு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பத்துப் பதினைந்து பாகம் கூட்டிக்கொண்டால் இன்னும் விசேஷம். முதலில் வந்து சேரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அங்கேதான் பேச்சாளர் இருக்கிறார் என்று காது நம்பிவிடும். 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இந்தச் செவி நுட்பத்தை ஆராய்ந்து எழுதினார். இன்றைய ஒலி யந்திரங்களில் இந்தத் தாமதத்துக்கென்று ஓர் எண்ணை அமைத்தால் ஆயிற்று, காசு கேட்பதில்லை.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பகல் வெயிலில் தரையருகே காற்று சூடாக இருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்துபோகும். பின்வரிசை பட்டினி. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, சமவெளியின் மேல் தவழ்ந்துகொண்டே போகும். நடுநிசியில் எங்கோ நடக்கும் நாடகம் நம் திண்ணையில் நடப்பதுபோல் கேட்பது இதனால்தான். மாலை நான்கு மணிக்குச் சரிபார்த்த அளவு இரவு ஒன்பது மணிக்கு அதிகப்படியாகிவிடும், குறைத்துக்கொள்ள வேண்டும். ஆடி மாதத்து மேல்காற்றிலோ வரிசை முழுதும் ஊஞ்சலாடும். குறியும் அதோடு ஆடும். செயின் பிளாக்கில் தொங்குவது பெரிய பாரம். அதன் அடியில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. காற்று மிஞ்சினால் பெட்டிகளை இறக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

* * *

“இவ்வளவு சாஸ்திரமா? கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் தீர்ந்தது!” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 2000-ஆம் வருஷத்திய சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு, அந்தப் பகுதிக்கு விதித்த அளவுக்கு மேல் 10 டெசிபெல் அல்லது 75 டெசிபெல், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல், விசேஷங்களுக்காக நள்ளிரவு வரை மாநில சர்க்கார் சலுகை தரலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியென்று சர்க்கார் அறிவிக்கலாம்.

சென்னையில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பிறருடைய அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தீர்ப்பாயிற்று. எல்லா மதத்தாருக்கும் அது பொது. 2005-ஆம் வருஷம் ஜூலையில் அதே கோர்ட்டு இன்னும் விரிவான ஒரு தீர்ப்பைத் தந்தது. அந்த வழக்குக்குத் தூண்டுதலாயிருந்த பத்திரிகைச் செய்தியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கொடியவனிடம் அகப்பட்டுக் கதறியிருக்கிறாள். அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் கூக்குரல் யார் காதிலும் விழவில்லை.

அவ்வளவு பெரிய கொடுமை வரையில் போகவேண்டாம். மாசியும் பங்குனியும் நமக்குத் திருவிழா மாதங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அவை பொதுத்தேர்வு மாதங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டில், அகப்பட்ட ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூட வேறு அறை கிடையாது. அவளுடைய வருஷமெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன பாகைக் கணக்கில் ஒரு பாகை நிமிர்ந்த பெட்டி, கடைசி வரிசைக்குப் போகவேண்டிய மெய்யெழுத்தைப் பிடுங்கி, வேண்டாத அவள் வீட்டு ஜன்னலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கேட்க வந்தவருக்கும் நஷ்டம். கேளாதிருக்க விரும்பியவருக்கும் நஷ்டம். குறி சரியாக இருந்தால் இருவருக்கும் ஒருங்கே லாபம்.

* * *

முப்பது வருஷமாக மைக்செட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“வாத்தியாரையா, இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கமிட்டிக்காரர்கள் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். தெளிவுக்கு யாரும் கொடுப்பதில்லை. ‘போன வருஷம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதே, இந்த வருஷம் கேட்கவில்லையே’ என்று வாடகையில் பிடித்துக்கொள்கிறார்கள்” என்றார்.

“லைன் அரே வாடகை கட்டுபடியாகாத சின்ன ஊரில் என்ன செய்வது, அண்ணே?” என்று கேட்டேன்.

“இருக்கிற பெட்டியை உயரத்தில் ஏற்றிக் கொஞ்சம் குனியவைத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு பெரிய பெட்டிக்குப் பதில் நாலைந்து சின்னப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வைத்து, தாமதமும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தூண் பெட்டியை நட்டுத்தான் வைக்கவேண்டும். மேஜையில் படுக்கப்போடக் கூடாது. படுக்கப்போட்டால் பக்கத்தில் பரவவேண்டிய சத்தம் தரைக்கும் வானத்துக்கும் போய்விடும். பெட்டியை வாடகைக்கு எடுக்கிறவர்கள் மைதானத்தை டேப் பிடித்து அளக்க எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். அந்த ஒரு மணியைத்தான் யாரும் கொடுப்பதில்லை.”

இந்தப் பதிலில் கமிட்டிக்காரர்களுக்கு வேண்டிய உபதேசம் முழுவதும் இருக்கிறது. அதோடு வாத்தியார் என்ற முறையில் நான் ஒரு பரீட்சையையும் சேர்த்துச் சொல்கிறேன். டெலிபோன் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க அமெரிக்காவில் ஹார்வி பிளெட்சர் முதலியோர் 1920-களிலேயே கையாண்ட முறைதான். நம் பள்ளிக்கூடத்தில் அதற்குச் ‘சொல்வதெழுதுதல்’ என்று பெயர். விழா தொடங்குமுன் கடைசி வரிசையில் ஒரு பையனைக் காகிதமும் பென்சிலுமாக உட்கார வையுங்கள். மைதானத்தின் எல்லையை ஒட்டிய வீட்டு வாசலில் இன்னொரு பெண்ணை உட்கார வையுங்கள். மேடையிலிருந்து ஒருவர் சாதாரணக் குரலில் வாசிக்கட்டும்: கடை, வடை, படை, தடை, மடை, நடை, கல், பல், வில், நெல். மொத்தம் பத்துச் சொல்.

கடைசி வரிசைப் பையனுக்குப் பத்துக்குப் பத்து வந்து, வீட்டு வாசல் பெண்ணுக்குப் பூஜ்யம் வந்தால், அந்த மைக்செட்காரருக்கு ஒரு மாலை போட்டு, பேசிய வாடகைக்கு மேல் ஒரு நூறு ரூபாயும் சேர்த்துக் கொடுங்கள். பையனுக்குப் பூஜ்யமும் பெண்ணுக்குப் பத்தும் வந்தால், சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். ஏணியை எடுத்துவரச் சொல்லி, பெட்டியை ஒரு பாகை குனியச் செய்யுங்கள்.